ஷூவின் நாக்கை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்

பனிக்காலத்தில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் ஷூ கடையில் நிற்கும்போது மனதில் ஓடுவது பனிமலைதான். எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஓடியது. உள்ளே ரோமம் வைத்து, பாதிக் கெண்டைக்கால் வரை ஏறி நிற்கும் கனமான பூட்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். ஆனால் நகரத்தில் நான் மிதித்தது வெள்ளைப் பனியை அல்ல. உப்பும் மணலும் கலந்து, பாதி உருகி, சாம்பல் நிறத்தில் கிடந்த சகதியை. சாலையைக் கடப்பதற்காக நடைபாதையை விட்டு இறங்கியபோது கெட்டிப் பனி மாதிரி தெரிந்த இடத்தில் கால் வைத்தேன். கணுக்கால் வரை இறங்கியது. மேலே ஒரு ஏடு பனி, கீழே பள்ளம் நிறையத் தண்ணீர்.

பூட்ஸ் அந்தத் தண்ணீரை உள்ளே விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அன்று சாயங்காலம் கழற்றியபோது சாக்ஸ் பிழியலாம் போல இருந்தது. சூடேற்றிய அருங்காட்சியகத்தில் நாலு மணி நேரம் ரோம பூட்ஸோடு நடந்த வியர்வை! வெளியே வந்ததும் அந்த ஈரமே குளிர்ந்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதற்கப்புறம் ஆறேழு குளிர்காலம் வேலை நிமித்தமாக இப்படிப்பட்ட ஊர்களில் நடந்துவிட்டேன். ஷூ வாங்கும்போது ஈரம் எந்த வழியாக வரும் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

வெளியிலிருந்து வரும் ஈரத்தை எடுத்துக்கொள்வோம். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருக்கும் பெரும்பாலான ஷூக்களில் மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். இதில் பெயர்போனது கோர்-டெக்ஸ். 1969-ல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி, வெடுக்கென்று இழுத்தபோது பிறந்தது அது. அதன் துளை ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சிறியது என்று சொல்வார்கள். நீராவி வெளியேறும், தண்ணீர் உள்ளே வராது. வேறு பெயர்களில் வரும் சவ்வுகளும் நகரத்தில் நடக்கப் போதும்.

ஆனால் சவ்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது எதுவரை போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லேஸை முழுக்கத் தளர்த்திவிட்டு ஷூவின் நாக்கைப் பிடித்து வெளியே இழுங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் மடித்த துணியோ தோலோ வைத்து ஷூவின் உடம்போடு சேர்த்துத் தைத்திருக்கிறதா? அந்த மடிப்பு எந்த உயரம் வரை வருகிறது? விரலை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலாகத் தடவிக்கொண்டே வாருங்கள். விரல் எங்கே வெளியே எட்டிப் பார்க்கிறதோ, ஷூவின் உண்மையான உயரம் அதுதான். கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸாக இருக்கும், நாக்கின் தையலோ பாதி லேஸிலேயே முடிந்திருக்கும். நான் முன்பு சொன்ன மாதிரிப் பள்ளத்தில் கால் வைத்தால் தண்ணீர் அந்த வழியாக வந்துவிடும். பக்கவாட்டு ஜிப் இருந்தால் அதற்குப் பின்னாலும் இதே மாதிரி மடிப்பு வேண்டும். இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்த செல்சி பூட்ஸ் பார்க்க அழகு, மாட்டச் சுலபம். ஆனால் பலவற்றில் அந்த எலாஸ்டிக்கே தண்ணீருக்கு வாசல்.

வாங்கி வந்ததும் நான் ஒரு காரியம் செய்வேன், வீட்டில் சிரிப்பார்கள். அகலமான வாளியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் பிடித்து, ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே கனம் வைத்து, கால் மணி நேரம் நிறுத்திவிடுவேன். எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் ஈரம் எங்கே படிந்திருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். ஒருமுறை சுண்டுவிரல் பக்கத்துத் தையல் ஓரமாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. பில் இருந்ததால் மறுநாளே மாற்றிக்கொண்டேன். நனைந்த ஷூவைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உள்ளிருந்து வரும் ஈரம். பகலெல்லாம் நடக்கப்போகிறீர்கள், நடுநடுவே ரயில், கடை, அருங்காட்சியகம் என்று சூடான இடங்களுக்குள் போய் வருவீர்கள் என்றால் ரோமம் வைத்தது வேண்டாம். சவ்வு மட்டும் உள்ள ஷூவோடு நல்ல கம்பளி சாக்ஸ் போதும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். மெரினோ கம்பளியோ தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை உறிஞ்சிய பிறகும் அவ்வளவாக ஈரமாகத் தெரியாது. குளிருகிறதே என்று இரண்டு சாக்ஸை ஒரே ஷூவுக்குள் திணிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பாதம் இறுகினால் ரத்த ஓட்டம் குறைகிறது, சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றுக்கும் இடமில்லை. விரல்கள் முன்னைவிடச் சீக்கிரம் ஜில்லிட்டுவிடும்.

அதனால்தான் அளவு முக்கியம். சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலில் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப்போகிற சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். லேஸ் கட்டிய பிறகு விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடியவேண்டும், குதிகாலோ எழும்பக் கூடாது. எனக்கு இடது பாதம் அரை அளவு பெரிது. பலருக்கும் இப்படித்தான் இருக்கும், கவனித்திருக்க மாட்டார்கள். பெரிய காலுக்கு வாங்கி, மற்றதற்கு இன்னொரு இன்சோல், அதாவது ஷூவுக்குள் போடும் அடித்தட்டு, வையுங்கள். கடையில் சரிவு இருந்தால் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ‘போடப்போடச் சரியாகிவிடும்’ என்று விற்பவர் சொல்வார். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது.

அடிப்பாகத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, பல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பிடிமானம் என்று. ஆழமான ரப்பர் பற்கள் மலைக்காக வந்தவை. இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி அப்படியொரு ரப்பர் சோல் ஒன்றை 1937-ல் கொண்டுவந்தார். பல ஷூக்களின் அடியில் பார்க்கும் வைப்ரம் என்ற சோல் பெயர் அவர் பெயரின் சுருக்கம்தான். சேற்றிலும் புதுப்பனியிலும் அந்தப் பற்கள் கடித்துக்கொள்ளும். நகர நடைபாதையில் ஆளைக் கவிழ்ப்பது வழவழப்பான ஈரப் பனிக்கட்டி. அங்கே குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பர் அகலமாகத் தரையைத் தொட வேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் புது ஷூவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். காலையில் எடுத்து அழுத்தும்போது பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டிருந்தால் அது குளிருக்கு ஆகாது. இருந்தும், கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் எந்த ரப்பரும் உத்தரவாதம் இல்லை. ஷூ மேல் மாட்டுகிற முள் பட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் நுழையும்போது மறக்காமல் கழற்றுங்கள், பளிங்குத் தரையில் அதே முள் வழுக்கும்.

அலமாரியில் பழைய ஜோடி இருக்கிறதே என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். ஐந்து வருடம் டப்பாவிலேயே தூங்கிய என் ஷூ, பயணத்தின் இரண்டாம் நாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு குதிகால் ரயில் நிலையப் படியிலேயே தங்கிவிட்டது. பாலியூரித்தேன் நுரையில் செய்த சோல், போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டுதான் இருக்கும். பழையதானால் கிளம்புவதற்கு முன் சோலை நன்றாக வளைத்துப் பாருங்கள். புதியதானால் குறைந்தது இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வேலை கொஞ்சம்தான். ஷூ மேல் விழுந்த நீர் முத்து முத்தாக உருளாமல் தோலிலேயே ஊறினால், உள்ளிருந்து வியர்வை வெளியேறவும் தடைப்படும். ஓட்டை விழுந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், நீர் விலக்கும் ஸ்ப்ரே ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாலை உப்பு விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகளை அன்றன்றே ஈரத்துணியால் துடையுங்கள். விட்டால் தோல் வெடிக்கும். நனைந்த ஷூவை ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், பசை இளகிவிடும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே காகிதத்தைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். ஒருநாள் அந்தக் காகிதத்தை எடுக்க மறந்து அவசரமாகக் காலை நுழைத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஷூ சுருங்கிவிட்டதே என்று பதறிப்போய் உட்கார்ந்திருந்தேன்.