பின் பிஸ்டனை அழுத்தாதீர்கள்: வீட்டில் பிரேக் பேட் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன் சக்கரங்களுக்கு பிரேக் பேட் மாற்றிக் கை பழகியவர்கள்தான் பின் சக்கரங்களில் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு வேலை ஒன்றுபோலவே இருக்கிறது: சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டின் மேல் பேட்களை அழுத்தும் கவ்வியின்) போல்ட்டை அவிழ்த்துத் தூக்கி, பழைய பேட்டை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். ஆனால் பல கார்களில் பின் காலிப்பர் என்பது காலால் மிதிக்கும் பிரேக்கோடு கையால் இழுக்கும் பிரேக்கையும் சேர்த்துச் சுமக்கிற கருவி என்பது முன் சக்கர அனுபவத்தில் தெரியவராது. புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு அருகில் நின்று உதவும்போதெல்லாம், எனக்கும் பழக்கமான அதே பழைய தடுமாற்றங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால் இதை எழுதுகிறேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது, ஒரே ஆக்சிலின் இருபுறப் பேட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பேட்டின் உராயும் பரப்பில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது

வண்டியை ஜாக்கியில் ஏற்றும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பின் காலிப்பரைக் கழற்ற வேண்டுமானால் அதை விடுவித்தே ஆக வேண்டும். இழுத்த நிலையில் பேட்கள் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கும், காலிப்பர் அசையாது. விடுவித்த பிறகு வண்டி உருளாமல் இருக்க, தரை சமதளமாக இருப்பதும் முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுத்திருப்பதும் அவசியம். கியரில் போட்டு நிறுத்தினால் போதும் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டியில், அந்தச் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்துவிட்டால் கியர் எதையும் பிடித்து நிறுத்தாது.

பிஸ்டனை கிளாம்ப் வைத்து அழுத்துவது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு இதுதான்.

முன் காலிப்பரில் உள்ள பிஸ்டன் ஒரு வெற்று உருளை. பிரேக் ஆயிலின் அழுத்தம் அதை வெளியே தள்ளும். பேட் தேயத் தேய அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். புதிய தடித்த பேட்டுக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஒரு சி-கிளாம்ப்பை வைத்து முறுக்கினால் முனகாமல் உள்ளே போய்விடும். பின் காலிப்பரில், ஹேண்ட்பிரேக் கேபிள் நேராக காலிப்பரிலேயே வந்து சேரும் வண்டிகளில், கதை வேறு. அங்கே பிஸ்டனுக்குப் பின்னால் மரையுள்ள ஒரு தண்டு இருக்கிறது. பிஸ்டனுக்குள் அதற்குப் பொருந்தும் மரை இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது கேபிள் காலிப்பரின் முதுகில் உள்ள சிறு நெம்புகோலைத் திருப்ப, அது தண்டைத் தள்ள, தண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் தேய்ந்து இடைவெளி கூடும்போது, அந்த மரை தானாகவே சற்றுச் சுழன்று இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். பேட் பாதி தேய்ந்த பிறகும் ஹேண்ட்பிரேக் லீவர் பழைய உயரத்திலேயே பிடிப்பதற்கு இந்த அமைப்புதான் காரணம்.

ஆகவே பிஸ்டன் உள்ளே போக வேண்டுமானால் அது சுழன்றாக வேண்டும். அதை நேராக அழுத்துவது, மரையுள்ள பாட்டில் மூடியைத் திருகாமல் சுத்தியலால் அடித்து மூட முயல்வதற்குச் சமம். மூடியும் மூடாது, மரையும் மிஞ்சாது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், முன் பேட்களைக் குறை சொல்ல முடியாதபடி மாற்றியவர், அடுத்த வாரமே பின் சக்கரங்களில் இறங்கினார். கிளாம்ப்பை வைத்து முறுக்கினார், பிஸ்டன் அசையவில்லை. துரு பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு இன்னும் பெரிய கிளாம்ப்பைக் கொண்டுவந்தார். அதன் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது, பிஸ்டன் உள்ளே போனது, அவரும் மகிழ்ந்தார். மிதி பிரேக் ஒழுங்காகவே இருந்ததால் எதுவும் தெரியவில்லை. ஹேண்ட்பிரேக் லீவர்தான் முழுவதும் மேலே வந்தும் சரிவில் வண்டியை நிறுத்தவில்லை. உடனே அவர் கேபிளை இறுக்கினார். இறுக்கியதில் காலிப்பரின் நெம்புகோல் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் அரைகுறையாக நிற்க, பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தது. என்னிடம் வண்டி வந்தபோது டிஸ்க்கில் நீலநிற வெப்பத் தழும்பு விழுந்திருந்தது, காலிப்பரின் ரப்பர் உறையின் ஓரத்தில் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. புது காலிப்பர், புது டிஸ்க், மறுபடியும் பேட், அதன் பிறகு பிரேக் குழாயைத் திறந்ததற்காகக் காற்றை வெளியேற்றும் வேலை என்று, ஒரு மதியத்தில் முடிந்திருக்க வேண்டியது பல மடங்கு செலவில் முடிந்தது.

எனக்கு இதில் எரிச்சலூட்டுவது அவருடைய அறியாமை அன்று. முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டிவிட்டு, “பின் சக்கரமும் இதே மாதிரிதான்” என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் செய்முறைகள் இன்னும் உலவிக்கொண்டிருக்கின்றன. அந்த வரிக்குப் பலியாகும் காலிப்பர்களுக்குக் கணக்கே இல்லை.

காலிப்பரைத் தூக்கியதும் பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள். அதில் இரண்டோ நான்கோ பள்ளங்கள் அல்லது சிலுவை போன்ற வெட்டு இருந்து, முதுகில் கேபிளும் சுருள்வில்லும் நெம்புகோலும் இருந்தால் அது திருகும் வகை. கேபிளும் இல்லை, மோட்டாரும் இல்லை என்றால், ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் தனி ஷூக்களாக (வளைந்த உராய்வுக் கட்டைகளாக) இருக்கும். அந்த வகையில் பிஸ்டனை நேராக அழுத்தலாம்.

திருகும் வகைக்கு, பிஸ்டனின் பள்ளங்களில் பொருந்தும் தட்டுகளோடு வரும் தனிக் கருவி உண்டு. அது பிஸ்டனை மெல்ல அழுத்திக்கொண்டே சுழற்றும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். அழுத்தாமல் சுழற்றினால் பிஸ்டன் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவை வலஞ்சுழியாகத் திருகினால் உள்ளே போகும், ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர்த் திசையில் திரும்பும் வண்டிகளும் இருப்பதால், முதலில் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. நோஸ் பிளையரின் இரண்டு மூக்குகளைப் பள்ளத்தில் வைத்துத் திருகுவோரும் உண்டு. அது ஒருமுறை வழுக்கினால் ரப்பர் உறை கிழியும், கிழிந்த உறை வழியே நீரும் தூசியும் புகுந்து பிஸ்டனைத் துருவேற்றும். கருவியால் திருகும்போதும் உறை பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முறுக்கினால் நிறுத்தி, உறையின் உதட்டை விடுவித்து, பிரேக்குக்கான கிரீஸை மெல்லிதாகத் தடவிவிட்டுத் தொடருங்கள்.

உள்ளே போன பிறகும் ஒரு சிறு காரியம் பாக்கி இருக்கிறது. பல வண்டிகளில் உட்பக்கப் பேட்டின் முதுகில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும்; அது பிஸ்டனின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். பள்ளம் விலகி நின்றால் குமிழ் மேட்டில் ஏறிக்கொண்டு பேட் சாய்ந்து நிற்கும், மிதி பஞ்சு போல் அமுங்கும், பேட் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து ஆப்புபோலத் தேயும். காலிப்பரை மூடும் முன் பிஸ்டனைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியோ அப்படியோ திருப்பினாலே இது சரியாகிவிடும்.

எல்லாம் பூட்டிய பின், முதலில் மிதி பிரேக்கை நிதானமாகப் பலமுறை மிதித்து பிஸ்டனை வெளியே வரவிட்டு, அதன் பிறகே ஹேண்ட்பிரேக்கைச் சில முறை இழுத்து விட வேண்டும். கேபிளின் இறுக்கத்தைத் தொடவே வேண்டாம்; பேட் மாற்றியதற்காகக் கேபிளை இறுக்க வேண்டிய தேவை இந்த அமைப்பில் சாதாரணமாக எழாது. லீவர் மிக உயரமாக வந்தால், நெம்புகோல் தன் தாங்கியில் வந்து முட்டி நிற்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பொத்தானில் இயங்கும் மின் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டிகளில் தண்டைச் சுழற்றுவது காலிப்பரில் பொருத்திய மோட்டார். பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய் மோட்டார் தண்டைப் பின்னிழுத்த பிறகு, பிஸ்டனைப் பெரும்பாலும் நேராகவே அழுத்தலாம். அதற்கு முன் அழுத்தினால் மோட்டாரின் பற்சக்கரங்கள் விலை கொடுக்கும். சில வண்டிகளில் மிதியையும் பொத்தானையும் குறிப்பிட்ட முறையில் அழுத்தியே அந்த நிலைக்குப் போகலாம். மற்றவற்றுக்கு ஸ்கேன் கருவி வேண்டும். மோட்டாரைக் கழற்றி நேரடியாக பேட்டரியின் மின்சாரத்தைக் கொடுத்துப் பின்னிழுக்கும் குறுக்குவழியை நான் யாருக்கும் சொல்வதில்லை, ஏனெனில் எங்கே நிறுத்துவது என்பதை அறிந்திருப்பது கட்டுப்பாட்டுக் கணினி மட்டுமே. காலிப்பர் டிஸ்க்கை விட்டு வெளியே இருக்கும்போது வண்டிக்குள் யாரும் அந்தப் பொத்தானைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் தடுப்பார் இன்றி வெளியே வந்து விழும்.

பிரேக் ஆயில் தொட்டியை மறப்பது

பிஸ்டன் உள்ளே போகும் அளவுக்கு ஆயில் மேலே தொட்டிக்குத் திரும்பும். பேட் தேய்ந்தபோது மட்டம் இறங்கியதைக் கண்டு யாராவது மேலே ஊற்றி நிரப்பியிருந்தால், இப்போது அது வழியும். டாட் 3, டாட் 4 வகை ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே நீர் விட்டுக் கழுவ வேண்டும். முன்கூட்டியே சிறிது உறிஞ்சி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எடுத்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது.

காலிப்பரைக் குழாயில் தொங்கவிடுவது

கழற்றிய காலிப்பரை வண்டியின் சஸ்பென்ஷன் சுருள்வில்லில் ஒரு கம்பியால் கட்டுங்கள்.

கைக்குக் கிடைத்த கிரீஸைப் பூசுவது

பழைய பேட்களைத் தூக்கி எறியும் முன் உட்பக்கப் பேட்டையும் வெளிப்பக்கப் பேட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உட்பக்கம் இரும்பைத் தொட்டிருக்க, வெளிப்பக்கத்தில் பாதி மீதமிருந்தால், காலிப்பர் சறுக்க வேண்டிய ஸ்லைடு பின் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். அந்தப் பின்னை உருவினால் பழுப்பு நிறத்தில் காய்ந்து கட்டிப்போன கிரீஸும், நடுவில் மோதிரம்போல ஒரு துரு வளையமும் தெரியும். அதைத் துடைக்காமல் புதுப் பேட்டை வைத்தால் அதுவும் அப்படியே தேயும்.

துடைத்த பின் எதைப் பூசுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். சக்கர பேரிங்குக்கு வைக்கும் பெட்ரோலிய கிரீஸ் இங்குள்ள ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும். சில மாதங்களில் ஸ்லைடு பின் மறுபடியும் இறுகும். சிலிக்கான் அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில காலிப்பர்களில் வேறு வேறானவை, ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் போடக் கூடாது.

புதுப் பேட் தன் இடத்தில் இறுக்கமாக இருந்தால் பேட்டின் காதுகளை அரத்தால் ராவாதீர்கள். ஸ்டீல் கிளிப்பைக் கழற்றினால் அதற்கு அடியில் பிராக்கெட்டில் துரு மண்டி, கிளிப்பையே உயர்த்தியிருப்பது தெரியும். கம்பி பிரஷ்ஷால் அதைச் சுரண்டினால் பேட் விரலால் தள்ளினாலே போய் உட்காரும்.

டிஸ்க்கை அளக்காமல் விடுவது

குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாக 10 மி.மீ. இருந்த டிஸ்க்கில் 8 மி.மீ. என்று பொறித்திருந்தால், அதற்குக் கீழே போனதை மாற்றியே தீர வேண்டும். தேயாத ஓர விளிம்பு மேடாக நிற்பதால் வெர்னியரை விளிம்பில் வைத்து அளந்தால் பொய் சொல்லும். பேட் உரசும் பரப்பில் மைக்ரோமீட்டரை வைத்து அளக்க வேண்டும்.

பிரேக் தூசியை ஊதுவது

வாயாலும் வேண்டாம், கம்ப்ரஸராலும் வேண்டாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

மிதிக்காமல் வண்டியை நகர்த்துவது

பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இடைவெளி இருக்கும்வரை முதல் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. மிதி கெட்டியாகும் வரை மிதித்த பின்தான் சக்கரம் உருள வேண்டும்.

புதுப் பேட்டோடு முதல் ஓட்டத்திலேயே அழுத்தி மிதிப்பது

பேட் தயாரிப்பாளரின் குறிப்பு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால், போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாக மிதித்துக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, சில முறை செய்தால் டிஸ்க்கின் மேல் பேட்டின் பூச்சு சீராகப் படியும். பின் பேட்கள் முன்னவற்றைவிடக் குறைவாகவே உழைப்பதால், அவை படிவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரேக் சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்தி மிதியை அழுத்தியபடியே நிற்காதீர்கள், ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து வைக்காதீர்கள்.

வீடு திரும்பியதும் இரண்டு பின் சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொடாமல். இரண்டிலும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் ஸ்லைடு பின்னோ ஹேண்ட்பிரேக் நெம்புகோலோ விடுபடவில்லை. ஆறிய பிறகு அந்தச் சக்கரத்தை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.