வீட்டார் செய்த தவறை மன்னிப்பது எப்படி

‘எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்’ என்று மொத்தமாகச் சொல்லி முடிக்கும் மன்னிப்பு அநேகமாக நிலைப்பதில்லை. எதை மன்னித்தோம் என்பதே நமக்குத் தெளிவாக இருக்காது. அதனால் முதல் வேலை எழுதுவது. ஒரு தாளில் ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு வரி: அவர் என்ன செய்தார், நான் எதை இழந்தேன். ‘அண்ணன் எப்போதுமே சுயநலக்காரர்’ என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு, அதை மன்னிக்க வழியில்லை. ‘எனக்குச் சொல்லாமல் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார், என் பங்கு போயிற்று’ என்பது நடந்த செயல். இதை மன்னிக்க முடியும். எழுதும்போதே சில வரிகள் உதிர்ந்துவிடும். அவை வெறும் எரிச்சல்கள், குற்றத்தை மன்னிப்பது மகிமை என்கிற நீதிமொழிகள் 19:11 போதும் அவற்றுக்கு.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையும் கணக்கு வழக்குதான். ராஜா ஒரு வேலைக்காரனுக்குத் தள்ளுபடி செய்த கடன் பதினாயிரம் தாலந்து. அதே வேலைக்காரன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்காக. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி; ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் அவனுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது ஏறக்குறைய 6 கோடி நாள் கூலி. ஆனால் நூறு வெள்ளிப்பணமும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு, அதை யாரும் அற்பம் என்று சொல்லவில்லை. உங்கள் இழப்பும் அப்படித்தான். ‘அது ஒன்றும் பெரிய விஷயமில்லை’ என்று மழுப்பினால் மன்னிக்க வேண்டியதே காணாமல் போய்விடும்.

பிறகு அந்தத் தாளோடு ஜெபத்தில் உட்காருங்கள். கோபம் பொங்கினால் முதலில் அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன் என்று முறையிடும் 55ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கலாம். அடுத்து, வரி வரியாக, பெயர் சொல்லி: ‘ஆண்டவரே, அண்ணன் இதைச் செய்தார். நான் இதை இழந்தேன். இதற்காக அவரைப் பழிவாங்க மாட்டேன், நியாயத்தை உம்மிடம் விடுகிறேன்’ (ரோமர் 12:19). ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. தவறு செய்தவர் இறந்துபோயிருந்தாலும் இதைச் செய்யலாம். ஜெபம்பண்ணும்போது மன்னியுங்கள் என்ற மாற்கு 11:25க்கு எதிராளி முன்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள், யார் கையிலாவது சிக்கினால் புதுச் சண்டைக்கு அதுவே போதும். (கிழிக்க வேண்டியது தாளை மட்டும், பத்திர நகல்களை அல்ல.)

அடுத்த வாரமே பழைய கோபம் திரும்பி வரலாம். ‘அப்படியென்றால் நான் மன்னிக்கவே இல்லை’ என்று துவண்டுவிடாதீர்கள். எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது இயேசு சொன்ன ஏழெழுபதுதரம் (மத்தேயு 18:22) என்பது ஒரே தவறு நினைவில் திரும்பும் ஒவ்வொரு தடவைக்கும் பொருந்தும். நினைவு வந்த இடத்திலேயே அதே வரியைச் சொல்லி மறுபடி விட்டுவிடுங்கள். மன்னிப்பு உடைவது பெரும்பாலும் வாயால்தான்: சித்தியிடம் கதையைத் திரும்பச் சொல்வது, வேறொரு சண்டையில் பழசை இழுப்பது, ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்ற சாக்கில் சபை முழுக்கப் பரப்புவது.

நேரில் பேசுவதானால் மத்தேயு 18:15 சொல்கிறபடி நீங்களும் அவரும் மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று ஆரம்பித்தால், தன் தவறை உணராதவர் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். நடந்தது என்ன, அதனால் என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும் என்று மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிட்டு அவரைப் பேச விடுங்கள். மறுத்தால் வாதாடாமல் எழுந்து வந்துவிடுங்கள். பகையை விடுவதற்கு அவர் மனஸ்தாபப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உறவு பழையபடி ஆவதற்கு அது வேண்டும் (லூக்கா 17:3).

நம்பிக்கை வைப்பது வேறு கணக்கு. தன்னை அடிமையாக விற்ற சகோதரரை எகிப்தில் கண்டவுடன் யோசேப்பு கட்டிக்கொள்ளவில்லை. சிமியோனைக் காவலில் வைத்தார்; கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் செய்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். தான் ஏமாற்றிய அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டபோதும், யாக்கோபு அவனோடு அவன் ஊரான சேயீருக்குப் போகாமல் சுக்கோத்தில் தங்கிவிட்டான். ஆகவே, கடன் வாங்கி ஏமாற்றிய தம்பியை மன்னித்த பிறகும் ‘இனி பணம் தரமாட்டேன்’ என்று சொல்லலாம். அடி உதை, பாலியல் கொடுமை என்றால் விலகி இருப்பதும் போலீசில் புகார் கொடுப்பதும் மன்னிப்புக்கு எதிரானவை அல்ல. அதிகாரிகள் அதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறார்கள் (ரோமர் 13:4). ஏழெழுபதைக் காட்டி அடிபட்டவரை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற போதகரிடம் ஆலோசனைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் மன்னித்ததை எதிராளி நம்பாமலும் இருக்கலாம். யோசேப்பின் அப்பா யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பிறகும், யோசேப்பு இப்போது பழிவாங்குவார் என்று அண்ணன்மார் பயந்தார்கள். அவர் அழுதார், பயப்படாதிருங்கள் என்று மறுபடியும் சொன்னார். உங்களிடம் அப்படிக் கேட்டு வந்தால், ‘எத்தனை தடவை சொல்வது?’ என்று சலித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை சொல்லுங்கள்.