கொழும்பில இருந்து நியாயமான விலைக்கு கேம் வாங்கிறது எப்பிடி

முதல் வேலையா விலைய ரூபாயில மாத்திப் பாருங்க. 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபா மட்டில நிண்டுது, மே மாசம் 360ஐத் தொட்டிச்சு, சம்பளம் அப்பிடி ஏறேல்ல, அப்ப 60 டொலர் கேம் அமெரிக்காக்காரனுக்கும் 60 எங்களுக்கும் 60 எண்டா அது அநியாயம்தான், இத நான் எவரிட்டயும் சொல்லுவன்.

கம்ப்யூட்டர் கேம் விக்கிற இணையக் கடை ஸ்டீம்ல எங்களுக்கு தெற்காசிய டொலர் விலை ஒண்டு இருக்கு. ஆனா குறைக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது கேம் கம்பனிதான், சிலது பாதிக்குப் போடும் சிலது ஒரு சதமும் குறைக்காது, குறைக்காதத விஷ்லிஸ்ட்ல போட்டுட்டு சேல் வரும்வரை பொறுங்க. இருக்கிற நாட்ட மறைக்கிற விபிஎன் போட்டு வேற நாட்டு விலைக்கு வாங்கப் போகாதீங்க, அக்கவுண்டே போகலாம்.

கார்டால கட்ட முதல் பாங்க் எந்த ரேட்ல வெட்டும், மேலதிகமா என்ன எடுக்கும் எண்டு கேளுங்க.

பழைய லெப்டொப் எண்டா வாங்கின உடனயே ஓடுதா எண்டு பாருங்க, 14 நாளுக்குள்ள, 2 மணித்தியாலத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா ஸ்டீம் காசத் திருப்பித் தரும், கனபேருக்கு இது தெரியாம காசு போகுது. எபிக் ஸ்டோர் எண்ட இன்னொரு இணையக் கடை ஒவ்வொரு கிழமையும் கேம் சும்மாவும் குடுக்குது, அதையும் எடுத்து வைங்க.

லூட் பொக்ஸ், அதாவது உள்ள என்ன இருக்கெண்டு தெரியாமலே கேமுக்குள்ள காசு குடுத்து வாங்கிற பெட்டி, அந்தப் பக்கம் போகவே வேணாம். பெல்ஜியம் 2018லயே இத சூதாட்டம் எண்டு சொல்லிட்டுது, இங்க பிள்ளைகளின்ட போன்ல தாராளமா ஓடுது, அதால ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸுக்குள்ள போய் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேக்கிற மாதிரி இண்டைக்கே போட்டு விடுங்க.