விளையாட்டு விடுதியில் பிள்ளையைச் சேர்க்க

பிள்ளை நன்றாக ஓடுகிறாள், ஆனால் பயிற்சிக்கு வசதியில்லை என்றால் முதலில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளைப் பாருங்கள். 7, 8, 9, 11ஆம் வகுப்பில் சேரப்போகிறவர்களை எடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் ஆணையத்தின் பொறுப்பு, படிப்பும் கூடவே நடக்கும். பெரும்பாலும் கோடை விடுமுறையையொட்டி அறிவிப்பு வரும், ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுப் போட்டிக்குப் போகவேண்டும்.

அப்புறம், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள், கடைசி வாரத்தில் அதைத் திருத்த ஓடினால் நடக்காது, திறமையுள்ள பிள்ளை காகிதத்தால் ஒரு வருஷத்தை இழப்பது கொடுமை. தேசிய அளவுக்கு வந்தபின் மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டம்: தேர்வானால் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய். விடுதியில் இடம் கிடைக்கவில்லையா? மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்து, அரங்கில் தினப் பயிற்சிக்குச் சேர்த்துவிடுங்கள்.