டெண்டரில் கூட்டுச்சதி: அலுவலகமே செய்து கொடுக்கும் உதவிகள்

நாலு பேர் டெண்டர் போட்டுவிட்டால் போட்டி நடந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதில் மூன்று டம்மியாக இருக்கலாம், அதாவது யாருக்கு வேலை என்று முன்பே பேசி முடித்து, மற்றவர்கள் வேண்டுமென்றே விலையைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். ஆன்லைன் வந்ததும் இதெல்லாம் ஒழிந்தது என்பவர்கள் புனே மாநகராட்சியின் திடக்கழிவு டெண்டர்களைப் பார்க்கலாம். போட்டியாளர்களாக வந்தவர்களின் ஆவணங்கள் ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து ஏறியிருந்தன. இப்படிப்பட்ட கூட்டை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் கூட்டுச்சதிதான் என்று தீர்ப்பளித்தது. ஆகவே எல்1, அதாவது குறைந்த விலை போட்டவர், யார் என்று மட்டும் பார்த்து ஃபைலை மூடாதீர்கள். இஎம்டி என்னும் முன்வைப்புத் தொகைக்கான டிடி (வங்கி வரைவோலை) எல்லாம் ஒரே வங்கிக் கிளையில் எடுத்ததா, ஒரே எழுத்துப்பிழை இரண்டு பேரிடமும் இருக்கிறதா, தோற்றவர் அப்புறம் ஜெயித்தவரிடமே சப்-காண்ட்ராக்ட் வாங்குகிறாரா என்றும் பாருங்கள்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பெயரும் போன் நம்பரும் எழுதிய தாளைச் சுற்றுக்கு விடுகிறோமே, பேரம் பேச அதைவிட வசதியான இடம் கிடைக்காது. சந்தேகங்களை எழுத்தில் வாங்கி, கேட்டவர் பெயரில்லாமல் பதிலைப் பொதுவில் போட்டால் போதும்.

விலை ஒன்றாக இருந்தாலே குற்றம் நிரூபணம் என்று நம்புவது இன்னொரு தவறு. 2009இல் இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளுக்கு அலுமினியம் பாஸ்பைடு என்னும் பூச்சிகொல்லி மாத்திரை கேட்டபோது மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு ஒரே 388 ரூபாய் போட்டன. ஆலைகள் வேறு வேறு ஊரில், செலவும் வேறு, விலை மட்டும் எப்படி ஒன்று? கூட்டுச்சதிதான் என்பதை 2017இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் கேஸ் சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில் 2018இல் அதே நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. வாங்குவது மூன்றே அரசு எண்ணெய் நிறுவனங்கள், சந்தை நிலவரம் எல்லோருக்கும் தெரியும், விலை நெருங்கி வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றது. ஆக, விலை ஒன்றாக இருப்பதோடு வேறு ஆதாரமும் வேண்டும். முந்தைய டெண்டர்களின் விலைகளையும் யார் எப்போது ஜெயித்தார் என்ற வரிசையையும் சேர்த்து வைக்காத அலுவலகம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. உடனே காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், ஆதாரம் அன்றைக்கே அழிந்துவிடும். ஆவணங்களைப் பத்திரப்படுத்தி, போட்டி ஆணையத்துக்கு எழுதுங்கள். முதலில் வந்து ஒப்புக்கொள்பவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடியாகலாம் என்பதால், கூட்டணிக்குள்ளேயே ஒருவர் வாய் திறக்க வாய்ப்புண்டு. அதை விட்டுவிட்டு அதே நிபந்தனைகளோடு மறு டெண்டர் விட்டால் அதே ஆட்கள்தான் திரும்ப வருவார்கள்.