லித்தியம் மாத்திரையும் நம்ம பக்கத்து வெயிலும்: பக்க விளைவுகளைச் சமாளிக்க ஒரு செய்முறை

பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களுக்கும், அவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பகுதி லித்தியத்தைப் பற்றியது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் அதன் பயனை வெளியிட்டார். இன்றும் இந்த நோய்க்கு முதல் வரிசையில் நிற்கும் மருந்து அது. உடம்பில் தண்ணீரும் உப்பும் ஏறி இறங்கினால் இரத்தத்தில் லித்தியமும் ஏறி இறங்கும். அதனால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் வெயில், போர் தண்ணீர், மூட்டுவலி மாத்திரை மூன்றிலும் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்க விளைவு தாங்கவில்லை என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

படி 1: ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். மாத்திரையின் பெயர், அளவு, போடும் நேரம், மாதம் ஒருமுறை எடை, புதிதாக வந்த தொந்தரவு, அது தொடங்கிய தேதி. ஓபி வரிசையில் நம் முறை வரும்போது டாக்டரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். “ஒரு மாதிரியா இருக்கு சார்” என்பதைவிட “போன மாசம் மாத்திரை கூட்டினதுல இருந்து கை நடுங்குது” என்று சொன்னால் அவருக்கு வேலை எளிது.

படி 2: இரத்தப் பரிசோதனையைச் சரியான நேரத்தில் கொடுங்கள்

லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு லேபில் இருக்க வேண்டும். காலையிலும் மாத்திரை உண்டென்றால் இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவர்கள், பயண நேரத்தையும் கணக்குப் போட்டு முந்தைய இரவு மாத்திரை நேரத்தை வைத்துக்கொள்ளலாம். முன்னே பின்னே எடுத்த இரத்தத்தின் எண் டாக்டரையே குழப்பிவிடும்.

நீண்ட நாள் மருந்தில் இரத்தத்தில் லித்தியம் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) இருந்தால் போதும் என்பார்கள், சிலருக்கு 1.0 வரை வைப்பதுண்டு. 1.5-ஐத் தாண்டினால் நச்சு நிலை. வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே கோளாறு தெரியலாம். இன்னொன்று, லேபில் இரத்தம் எடுப்பவரிடம் இது லித்தியம் டெஸ்ட் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற மருந்து தடவிய குழாயில் பிடித்துவிட்டால் இல்லாத லித்தியமும் சேர்ந்து காட்டும்.

அளவு நிலைப்பட்ட பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த டெஸ்ட். கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்), தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுவது எல்லாம் மனச்சோர்வு திரும்பியது போலவே தெரியும். பல நேரம் அது லித்தியத்தால் குறைந்துபோன தைராய்டாக இருக்கும். அதற்குத் தைராக்சின் மாத்திரை இருக்கிறது, லித்தியத்தை விட வேண்டியதில்லை.

படி 3: தண்ணீர்

லித்தியம் போட்டால் தாகம் எடுக்கும், சிறுநீர் அதிகம் போகும். இரவில் எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் லித்தியம் தேங்கும். ஒரே வேளையாக இரவில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், சிலருக்கு அதிலேயே சிறுநீர் குறையும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்கள் நிறைய. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். மற்றவர்களைவிட அதிகமாகக் குடிக்கும் நமக்கு ஃபுளோரைடும் அதிகமாகவே உள்ளே போகும். ஆகவே குடிக்கவும் களி கிண்டவும் ஒகேனக்கல் தண்ணீரையே வையுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது.

தாகத்துக்குக் கலர், பாட்டில் மாம்பழ ஜூஸ் என்று இறங்கினால் எடை கூடும். லித்தியத்தால் குண்டானேன் என்பவர்களில் சிலருக்கு இதுவே பாதிக் காரணம். மோர், சீரகத் தண்ணீர் போதும்.

படி 4: உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

சிறுநீரகம் சோடியத்தையும் லித்தியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். எனவே உப்பில்லா விரதம், திடீர் டயட் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ரமலான் நோன்பு வைப்பவர்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாந்தோப்பிலோ சித்தாள் வேலையிலோ வியர்த்துக் கொட்டும்போது உப்பு போட்ட மோரோ நீராகாரமோ குடித்துக்கொண்டே இருங்கள். டீ, காபி வழக்கத்தையும் திடீரென்று நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் லித்தியம் ஏறும்.

படி 5: வலி மாத்திரையில் ஏமாறாதீர்கள்

இதுதான் நம் பக்கத்தில் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம். தண்ணீர்க் கோளாறோ வயசோ, முட்டிவலி இல்லாத வீடு இங்கே குறைவு. மருந்துக்கடையில் “வலிக்கு ஒண்ணு குடுங்கண்ணா” என்றால் கையில் வருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரோஃபென். இரண்டுமே லித்தியம் அளவை ஏற்றும். வலி ஊசியும் அப்படித்தான். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் மட்டும் கேளுங்கள்.

பிரஷர் மாத்திரையிலும் இதே கதை. எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாம் லித்தியத்தைக் கூட்டக்கூடியவை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் லித்தியம் சீட்டைக் காட்டுங்கள், பிரஷர் பார்க்கும் டாக்டரிடமும் காட்டுங்கள். ஏற்கெனவே இரண்டும் போடுகிறீர்கள் என்றால் பயந்துபோய் எதையும் நிறுத்தாமல், லித்தியம் அளவைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

படி 6: சின்னத் தொந்தரவுகள்

விரல் லேசாக நடுங்குவது சகஜம். டம்ளரை முக்கால் அளவு நிரப்புங்கள். ரொம்பத் தொந்தரவு என்றால் டாக்டர் புரோப்ரனலால் தருவார். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். வயிறு குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

படி 7: எப்போது ஓட வேண்டும்

கை பெரிதாக உதறுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, பேதி, அரைத் தூக்கம், குழப்பம். இவை லித்தியம் ஏறிவிட்டதன் அறிகுறிகள். குடித்திருக்கிறான் என்று அக்கம்பக்கம் நினைக்கும், வீட்டார் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. அடுத்த லித்தியம் மாத்திரையைக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாத்திரை அட்டையையும் நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இந்த அறிகுறிகள் இல்லாமல் சாதாரண வயிற்றுப்போக்கே வந்தாலும், அன்றைய மாத்திரையைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

படி 8: லித்தியம் இல்லாமல் வேறு மாத்திரை என்றால்

வால்புரோயேட்டில் எடை கூடும், முடி கொட்டும். ஈரலையும் தட்டணுக்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் குழந்தைக்குப் பெரும் கேடு செய்யும் மருந்து அது. கல்யாணம் பேசும்போதே டாக்டரிடம் போய்விடுங்கள், நாள் தள்ளிய பிறகு போனால் தாமதம். லாமோட்ரிஜினோ கார்பமசெபைனோ போடுகிறவர்களுக்குத் தோலில் தடிப்பு வந்தால், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ சேர்ந்தால், அன்றே ஆஸ்பத்திரி. லாமோட்ரிஜின் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் மீண்டும் தொடங்கக் கூடாது, டாக்டர் சின்ன அளவிலிருந்து ஏற்றித் தருவார்.

ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.