பிரஷ்ய மன்னரின் புகையிலைச் சபை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்கள் மட்டும் கூடிப் புகைத்த சபைகளின் வரலாற்றில், ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் முதலாம் பிரெட்ரிக் வில்லியம் (ஆட்சி 1713–1740) நடத்திய ‘புகையிலைச் சபை’ என்ற மாலைக் கூட்டத்துக்குத் தனி இடம் உண்டு. பெர்லின், போட்ஸ்டாம், கோனிக்ஸ் வுஸ்டர்ஹாசன் அரண்மனைகளில் அது கூடியது. அதைப் பற்றி எழுதுபவர்கள் சில பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

தொடக்கம் முதலே பெண்கள் நுழையாத இடம் அது என்பது ஒன்று. தந்தை முதலாம் பிரெட்ரிக் காலத்தில் அப்படி இல்லை. 1710 வாக்கில் லைகெபெ தீட்டிய ஓவியத்தில் அரசி சோஃபி லூயிசே தன் கையாலேயே மன்னரின் புகைக்குழாயைப் பற்றவைக்கிறார். பெண்களை விலக்கியது மகன்தான்.

எல்லோரும் புகைத்தார்கள் என்பதும் சரியல்ல. சபைக்கு வந்த டெஸாவ் இளவரசர் லியோபோல்டுக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. மன்னரின் மனம் கோணாதிருக்க, பற்றவைக்காத களிமண் குழாயை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பொறுக்காத தவறு வேறு. சாதாரண மர இருக்கைகள், பீர் குவளைகள், மன்னர் உள்ளே வந்தாலும் யாரும் எழ வேண்டியதில்லை என்ற விதி. இவற்றைக் காட்டி, அங்கே எல்லோரும் சமம் என்று எழுதிவிடுகிறார்கள். யாக்கோப் பவுல் வான் குண்ட்லிங்கை அறிந்தவர் அப்படி எழுத மாட்டார். அவர் வரலாற்றறிஞர். தத்துவ மேதை லைப்னிட்ஸ் வகித்த பெர்லின் அறிவியல் கழகத் தலைவர் பதவி 1718இல் அவருக்கு வந்தது. அதே மனிதரைச் சபையில் குடிக்கவைத்து, படித்தவன் பாடு இதுதான் என்று காட்டுவதுபோல் எள்ளி நகையாடினார்கள். 1731இல் அவர் இறந்த பிறகும் விடவில்லை. மதுப் பீப்பாயையே சவப்பெட்டியாக்கி, போட்ஸ்டாமை அடுத்த போர்ன்ஸ்டெட்டில் புதைத்தார்கள். அந்தக் கூத்தில் கலந்துகொள்ளப் பாதிரியார்கள் மறுத்துவிட்டார்கள். இன்றும் பலர் குண்ட்லிங்கை அரசவைக் கோமாளி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிரஷ்ய அரசின் மையப் பகுதியான பிராண்டன்பர்க்கின் வரலாற்றுக்காக அவர் உழைத்த உழைப்பு எங்கே போயிற்று? கேலி செய்தவர்கள் வைத்த பெயரையே நாமும் சொல்வது அநியாயம்.

வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும் தவறு. ஆஸ்திரியத் தூதர் செக்கன்டோர்ஃப் அந்த மேசையில் அமர்ந்துதான் மன்னரின் மனத்தை வியன்னாவின், அதாவது ஆஸ்திரிய அரசின், பக்கம் திருப்பப் பாடுபட்டார். பிரஷ்ய அமைச்சர் கிரும்கோவோ வியன்னாவிடம் பணம் வாங்கியவர். 1726இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே வுஸ்டர்ஹாசன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1740இல் பட்டத்துக்கு வந்த அவருடைய மகன் இரண்டாம் பிரெட்ரிக் சபையைத் தொடரவில்லை. அதனால் அவர் புகையிலையையே வெறுத்தார் என்று எழுதிவிடாதீர்கள். புகைதான் அவருக்கு ஆகாது. மூக்குப்பொடியை அள்ளி அள்ளிப் போட்டவர், ரத்தினம் பதித்த பொடி டப்பிகளை ஆசையாகச் சேர்த்தவர்.